ஜன்னலுக்கு இல்லாத திரை

ஸ்ரீரங்கத்தில் நாங்கள் வாங்கிய வீடு மூன்றாவது மாடியில் இருக்கிறது. வீடு பார்க்கப் போன அன்று சமையலறையையோ தண்ணீர் வசதியையோ நான் சரியாகக் கவனிக்கவில்லை. படுக்கையறைக் கதவைத் திறந்ததும் எதிரே ஜன்னல். கிழக்குச் சுவரும் தெற்குச் சுவரும் சேரும் மூலையில் தூண்கூட இல்லாமல், இரண்டு பக்கமும் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. கிழக்கே தென்னந்தோப்பு. தெற்கே காவிரி, அதற்கு அப்பால் மலைக்கோட்டை. நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

அதுவரை நாங்கள் கைலாசபுரத்தில் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தோம். என் கணவருக்கு அங்கேதான் வேலை. நிழலான தெரு, நல்ல அக்கம்பக்கம். ஆனால் படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக் குளியலறைச் சுவர்தான் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சுவரில் பாசி படர்வதையும் காய்வதையும் பார்த்துப் பருவத்தைத் தெரிந்துகொண்டவள் நான். இந்த வீட்டை வாங்கினால் வேலைக்குப் போக ஊரையே குறுக்கே கடக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். இருந்தும் நான் நின்ற இடத்துக்கு வந்து, தானும் கொஞ்ச நேரம் வெளியே பார்த்துவிட்டு, "வாங்கிடலாம்" என்றார்.

நாங்கள் இருவருமே அப்போது அவருடைய நைட் ஷிப்ட்டை மறந்துபோனோம்.

முதல் நைட் ஷிப்ட் வாரத்தில் அது நினைவுக்கு வந்தது. காலையில் வந்து குளித்து, இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் படுப்பார். தென்னைகளுக்கு மேலே ஏறிய வெயில் நேராகக் கட்டிலில் விழும். இன்னொரு படுக்கையறை சின்னது; அதில் கல்லூரிக்குப் போகும் எங்கள் மகளும் அவளுடைய புத்தகங்களும். ஹாலில் படுத்தால் தெருவில் போகும் பஸ்களின் ஹாரன் காதுக்குள் கேட்கும். ஆக, ஜன்னலுக்குத் திரை போட்டே தீர வேண்டும்.

பெரிய கடைவீதியில் திரைத்துணி விற்கும் பாய் ஒருவரிடம் போனோம். அவரே வீட்டுக்கு வந்து அளவெடுத்தார். ஒரே ராடு போட்டால் துணியின் கனத்தில் நடுவில் தொங்கிவிடும், பக்கத்துக்கு ஒன்றாகப் போடலாம் என்றார். கரும்பச்சை நிறத்தில் கனமான துணி எடுத்தோம். மாட்டி முடித்ததும் அறை மத்தியானத்தில்கூட இருட்டாக இருந்தது. என் கணவர் திருப்தியாகப் படுத்தார்.

ஒரு குறை மட்டும் இருந்தது. இரண்டு ராடுகளும் மூலையில் ஒட்டவில்லை. நான்கு விரல் அகலத்துக்கு ஓர் இடைவெளி. மார்கழி பிறந்ததும் சூரியன் தெற்கே நகர்ந்து, அந்த இடைவெளிக்கு நேரே வந்து நின்றது. கோடு கிழித்தாற்போல ஒரு வெளிச்சம் அவர் கண்மேல் விழுந்தது. தலையணையை நகர்த்தினார். கொஞ்ச நேரத்தில் வெளிச்சமும் நகர்ந்து வந்தது. காலும் தலையும் மாறிப் படுத்தார். நான் எட்டிப் பார்த்தபோது கட்டிலின் குறுக்கே, முகத்தின்மேல் என் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

பாய் வந்து மூலையில் ஒரு துண்டுத் துணியைத் தைத்துச் சேர்த்துக் கொடுத்தார். வெளிச்சம் நின்றது. ஆனால் கோடையில் அந்தத் துணிக்குப் பின்னால் அறை அடுப்படி மாதிரி ஆனது. ஜன்னலைத் திறந்து, துணியை மெல்லியதாக மாற்றினோம். அதற்கு ஆடிக்காற்று பதில் சொன்னது. ஒருநாள் காலை காவிரிப் பக்கமிருந்து அடித்த காற்றில் திரை அப்படியே மேலே எழும்பி மின்விசிறியில் சிக்கி, ராடையும் கூரையின் பூச்சையும் பெயர்த்துக்கொண்டு கீழே வந்தது. நான் சமையலறையிலிருந்து ஓடினேன். என் கணவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், தலையெல்லாம் சிமெண்ட் தூள். என்னைப் பார்த்து, "மணி என்ன?" என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகு சுருட்டி ஏற்றும் பிளைண்ட்ஸ் போட்டோம். அது காற்றில் கண்ணாடியோடு மோதி நாள் முழுக்கத் தாளம் போட்டது. அதைக் கழற்றிய அன்றுதான் அவர் முதல்முறையாகக் கோபப்பட்டார்.

"இது வீடா, கடை ஷோகேஸா? மனுஷன் எங்கதான் படுக்கறது?"

வாங்கிடலாம் என்று சொன்னது நீங்கள்தானே என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை. அவர் வேலைக்குப் போனதும் இரண்டு போர்வைகளை எடுத்து, கண்ணாடி முழுவதையும் மூடி ஜன்னல் சட்டத்தில் ஆணியடித்தேன். மறுநாள் அவர் தூங்கி எழுந்து வந்தபோது நான் ஹாலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. எனக்கே தெரியாது, அவர் பிறகு சொன்னார். திரும்ப உள்ளே போனார். ஆணிகளைப் பிடுங்கும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு மாசத்துல ஒரு வாரந்தான் நைட்டு. அதுக்காக நீ எல்லா நாளும் இருட்டுல இருக்கணுமா?"

"தூக்கமில்லாம எப்படி மெஷின்கிட்ட நிப்பீங்க?"

இரண்டு பேரும் ஜன்னலோரம் உட்கார்ந்து காபி குடித்தோம்.

வழி புத்தூரில் கிடைத்தது. துறையூரில் இருக்கும் என் அக்காவுக்குப் பித்தப்பையில் கல் என்று புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. துணைக்கு நான் இருந்தேன். பெரிய வார்டு, வரிசையாகக் கட்டில்கள், பளிச்சென்று விளக்குகள், பார்வையாளர்களின் பேச்சு. அக்கா மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, "அந்தத் துணியக் கொஞ்சம் இழுத்து விடு, தூங்குறேன்" என்றாள். கூரையில் கட்டிலைச் சுற்றி வளைந்து போன தண்டவாளத்தில் திரையை இழுத்துவிட்டேன். மேல்பக்கம் ஒரு முழத்துக்கு வலைத்துணி, காற்று தடைப்படவில்லை. சற்று நேரத்தில் உள்ளேயிருந்து அக்காவின் குறட்டை கேட்டது. வெளியே வெளிச்சத்துக்கும் பேச்சுக்கும் ஒரு குறைவும் இல்லை.

நான் நாற்காலியில் உட்கார்ந்து அந்தத் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுந்து போனில் படம் எடுத்தேன். நர்ஸ் விநோதமாகப் பார்த்தார்.

அக்காவை ஊருக்கு அனுப்பிவிட்டு நேரே பாய் கடைக்குப் போனேன். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"அப்ப ஜன்னலுக்கு எதுவும் வேணாமாம்மா?"

"வேணாம் பாய். தூங்கறவருக்குப் போட்டாப் போதும்."

அவர் சிரித்தார். வெயிலின் சூட்டைக் குறைக்கக் கிழக்குக் கண்ணாடியில் மட்டும் ஒரு மெல்லிய ஃபிலிம் ஒட்டிக்கொள்ளச் சொன்னார், வெளியே பார்ப்பதற்கு இடைஞ்சலாக இருக்காது என்று. இன்ஷா அல்லா, வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து வருகிறேன் என்றார். சொன்னபடியே வந்தார். நான் கொடுத்தனுப்பிய பழைய கரும்பச்சைத் துணியையே வெட்டி, மேலே வலை வைத்துத் தைத்துக் கொண்டுவந்திருந்தார். கூரையில் தண்டவாளம் பொருத்தியதும், கட்டிலைச் சுற்றித் திரை சத்தமில்லாமல் ஓடியது.

அடுத்த நைட் ஷிப்ட்டில் என் கணவர் காலையில் வந்தார், சாப்பிட்டார், உள்ளே போய்த் திரையை மூடிக்கொண்டார். மகள் கல்லூரிக்குக் கிளம்பும்போது எட்டிப் பார்த்து, "அப்பாவுக்குத் திரை போட்டாச்சு. இனி சாயரட்சைக்குத்தான் சேவை" என்று கோயில் அர்ச்சகர் மாதிரி மெதுவாகச் சொன்னாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். உள்ளேயிருந்து, "கேக்குது" என்று குரல் வந்தது. பிறகு மத்தியானம் தாண்டியும் சத்தமே இல்லை.

அவர் தூங்கும் அந்த வேளைகளில் நான் அதே அறையில், திரைக்கு இந்தப் பக்கம், ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். கீரை ஆய்வேன், பேப்பர் படிப்பேன். மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டால் மணல் திட்டுகள் ஒவ்வொன்றாக மூழ்குவது தெரியும். சில நாள் அவர் விழித்ததும் திரையைத் திறக்காமலே, ஆற்றில் தண்ணீர் எவ்வளவு வந்திருக்கிறது என்று கேட்பார். நான் பார்த்துச் சொல்வேன். பிறகு எழுந்துபோய் அடுப்பில் பாலை வைப்பேன்.