ரிவர்ஸ் அக்கா கேட்டைத் தாண்டிய நாள்

எனக்கு முன்கோபம் அதிகம். லாரி ஓட்டுகிறவர்களுக்கு அது தொழிலோடு வருவது. எனக்கு முன்னால் போகிறவன் எல்லாம் தூங்குமூஞ்சி, பின்னால் வருகிறவன் எல்லாம் அவசரக்குடுக்கை. அப்படிப்பட்ட நான், எங்கள் சரக்குக் கம்பெனியில் ஒரு ஆளிடம் மட்டும் குரல் உயர்த்திப் பேசியதில்லை. அவள்தான் ரிவர்ஸ் அக்கா.

என்னைவிட எவ்வளவோ சின்னவள். ஆனாலும் எல்லா டிரைவர்களும் அக்கா என்றதால் நானும் அக்கா என்றே கூப்பிட்டேன். அவள் என்னை அண்ணன் என்றாள். உறவுமுறை குழம்பித்தான் போயிற்று. இரண்டு பேரும் அதைச் சரிசெய்ய மெனக்கெடவில்லை.

யார்டு சூப்பர்வைசர் என்பது அவள் வேலைக்குப் பெயர். எந்த வண்டி எந்தச் சரக்கு மேடையோரம் நிற்க வேண்டும், எதில் முதலில் சரக்கு ஏற்ற வேண்டும் என்று பார்க்கிற வேலை. வண்டியைப் பின்னால் எடுத்து மேடையோடு ஒட்ட நிறுத்த வேண்டும். டிரெய்லரில் இது பெரிய தலைவலி. ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தால் பின்பக்கம் வலது பக்கம் போகும். ராவெல்லாம் ஓட்டிக்கொண்டு வந்து சேர்கிற டிரைவர், கோணல்மாணலாக நிறுத்திவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போய்விடுவான். இவள் பின்னாலேயே ஓடிக் கெஞ்ச வேண்டும். கெஞ்சிக் கெஞ்சி அலுத்துப்போய் ஒருநாள் தானே கேபினில் ஏறிவிட்டாள். இரண்டு தரம் தூணில் இடித்தாள், திட்டு வாங்கினாள். அப்புறம் சொந்தக் காசில் கனரக லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வந்து மேனேஜர் மேஜையில் வைத்தாள்.

அதற்கப்புறம் எங்களுக்கெல்லாம் சுகம். கேட்டுக்குள் நுழைந்ததும் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். டம்ளரைக் கீழே வைப்பதற்குள் வண்டி மேடையில் ஒட்டி நிற்கும். நானே ஒருதரம் வேண்டுமென்று வண்டிக்கும் மேடைக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்திருக்கிறேன். விரல்தான் நுழைந்தது.

ஆனால் ஒன்று. இத்தனை வருஷத்தில் அவள் கேட்டுக்கு வெளியே ஒரு அடிகூட லாரி ஓட்டியதில்லை.

போன வருஷம் தலைமை சூப்பர்வைசர் ஓய்வு பெற்றார். கண்ணாடி அறை, சுழல் நாற்காலி, குளிர்சாதனம். உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லா வண்டிகளையும் போனில் மேய்க்கிற வேலை. மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டு, நாற்காலி உனக்குத்தான் என்றார். வேறு யாராக இருந்தாலும் காலில் விழாத குறையாக வாங்கிக்கொண்டிருப்பார்கள். இவள் என்ன சொன்னாள் தெரியுமா?

"நாற்காலி வேணாம் சார். புதுசா வந்திருக்கிற வண்டிக்கு இன்னும் ஆள் போடலைல்ல? அதை எனக்குக் கொடுங்க."

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. கம்பெனி முழுக்க இதே பேச்சு. அவளுடைய வீட்டுக்காரர் அச்சகத்தில் வேலை செய்கிறவர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். அவரே கம்பெனி வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டு புலம்பினார்.

"எல்லாரும் மேல போகணும்னுதான் பாடுபடுவாங்க. இவ என்னடான்னா கீழ இறங்குறேங்கறா. நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதா அண்ணே?"

நான் தலையை ஆட்டினேன். சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் இருந்தது. அக்கா வேண்டாம் என்றால் நாற்காலி அடுத்து எனக்கு என்று மேனேஜர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். என் முதுகுத் தண்டில் தேய்மானம். வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கினால் எனக்கு உயிர் போய் உயிர் வரும். சட்டைக்குள் பெல்ட் போட்டுக்கொண்டு, வலியை வெளியே காட்டாமல் ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்தச் சுழல் நாற்காலியை நினைத்தாலே எனக்கு முதுகு பாதி ஆறியது.

ஆனாலும் கேட்டேன். "ஏன் அக்கா இந்த வேண்டாத வேலை?"

"தினமும் ஊர் பேரைப் பாத்துப் பாத்து வண்டி அனுப்பறேன் அண்ணே. ஒரு ஊராவது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியுமா? இங்க ஏத்துற பெட்டிக்கெல்லாம் தெரியுது, எனக்குத் தெரியல" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் மேனேஜர் ஒரு வழி சொன்னார். ஒரு டிரிப் போகட்டும், பக்கத்தில் நான் உட்கார வேண்டும். திரும்பி வந்து நான் என்ன சொல்கிறேனோ அதுதான் முடிவு. அவள் தேறவில்லை என்று சொன்னால் நாற்காலியில்தான் அவள் உட்கார வேண்டும். தேறிவிட்டாள் என்றால் வண்டி அவளுக்கு, நாற்காலி எனக்கு. நல்ல நடுவரைத் தேடிப் பிடித்தார் மனுஷன்!

விடிந்ததும் கிளம்பினோம். வண்டி நிறையத் தரை ஓடுகள், நல்ல பாரம். யார்டில் இருந்தவர்கள் எல்லாம் கேட் வரைக்கும் வந்து நின்றார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. கேட்டைத் தாண்டும்போது மட்டும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள், தண்ணீரில் முங்கப் போகிறவளைப் போல.

தெருக்களில் அழகாகத்தான் ஓட்டினாள். பெரிய சாலைக்கு வந்த பிறகுதான் கூத்து. எஞ்சின் கதறுகிறது. பின்னால் வருகிறவன் எல்லாம் ஹாரன் அடித்துவிட்டு, ஜன்னல் வழியாக எங்களை முறைத்துக்கொண்டு தாண்டிப் போகிறான். ஒரு டிராக்டர் கூட எங்களை முந்திவிட்டது. எனக்கு என்ன கோளாறு என்று முதலில் பிடிபடவில்லை. அப்புறம் கியரைப் பார்த்தேன்.

"அக்கா, ரெண்டாவதுலயே போறீங்க."

"ஆமா."

"மேல போடுங்க."

"மேலயா?" என்றாள் அப்பாவியாக.

யார்டுக்குள் ஒன்று, இரண்டு, ரிவர்ஸ். அதற்கு மேல் போட அங்கே இடம் ஏது? மேலே இருக்கிற கியர்களை லைசென்ஸ் எடுத்த அன்று தொட்டதோடு சரி. என் முன்கோபம் அப்படியே காணாமல் போய்விட்டது. சிரித்தேன், அவளும் சிரித்தாள். சிரித்த சிரிப்பில் முதுகு பிடித்துக்கொண்டதால் நான் பாதியில் நிறுத்தினேன். மூன்றாவது போட்டாள், நான்காவது போட்டாள். ஐந்தாவது விழுந்ததும் வண்டியின் கதறல் அடங்கி, கேபினுக்குள் அமைதியானது. "அட!" என்றாள். அந்த ஒரு சொல்லில் இருந்த சந்தோஷத்தை நான் வேறு எந்த டிரைவரிடமும் பார்த்ததில்லை.

வழியில் வந்த மலை மேட்டில் கியரைக் குறைத்து நன்றாகவே ஏற்றினாள். உச்சியைத் தாண்டியதும் நீண்ட சரிவு. ஏறி முடித்த நிம்மதியில் மறுபடியும் மேல் கியருக்குப் போய்விட்டாள். நான் வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தேன். பாரம் பின்னாலிருந்து தள்ள ஆரம்பித்தது. அவள் பிரேக்கை மிதித்தாள், இன்னும் மிதித்தாள். பிரேக் கருகுகிற வாடை வந்ததும்தான் எனக்கு உறைத்தது.

"கியரைக் குறைங்க! கீழ போடுங்க!"

கிளட்சை மிதித்துக் கியரை எடுத்தாள். கீழ்க் கியர் விழவில்லை. வண்டி எந்தக் கியரிலும் இல்லாமல் ஓடியது. என் கை தானாக ஸ்டியரிங் பக்கம் போனது. "தொடாதீங்க!" என்று கத்தினாள். எஞ்சினை ஒரு உறுமு உறுமவிட்டுக் கியரை அடித்துப் போட்டாள். வண்டி குலுங்கிப் பிடித்துக்கொண்டது. சாலையோரம் அகலமாக இருந்த மண் தரையில் ஒதுக்கி நிறுத்தினாள்.

நான் இறங்கிப்போய்ச் சக்கரத்துக்குக் கல் வைத்தேன். அவளும் இறங்கி வந்தாள். சாவியை என்னிடம் நீட்டினாள்.

"இந்தாங்க அண்ணே, நீங்களே ஓட்டுங்க. நாற்காலியே போதும்னு மேனேஜர்கிட்ட நானே சொல்லிடறேன்."

சாவியை வாங்கிக்கொண்டேன். அவளைத் தேற்ற வேண்டும். அதெல்லாம் ஒன்றுமில்லை, எல்லாருக்கும் முதல் தடவை இப்படித்தான் ஆகும் என்று சொல்ல வேண்டும். அதுதான் நிஜமும்கூட. என் முதல் சரிவில் நான் ஒரு மைல் கல்லையே பெயர்த்திருக்கிறேன். ஆனால் வாய் வரவில்லை. இப்போது நான் அவளை ஓட்டச் சொன்னால் அது அவளுக்காகவா, என் முதுகுக்காகவா? எனக்கே தெரியவில்லை. அந்த நேரத்தில் என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

"அக்கா, ஒண்ணு சொல்றேன். நான் என்ன சொன்னாலும் அப்படியே நம்பிடாதீங்க. நீங்க வண்டி எடுத்தா அந்த நாற்காலி எனக்கு. முதுகு போச்சு. என்னால இனிமே ஓட்ட முடியாது."

அவள் என்னையே பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"அதான் காலைல இருந்து இடுப்பைப் புடிச்சுக்கிட்டே வந்தீங்களா? நான்கூட என் டிரைவிங்குக்குப் பயந்துதான்னு நெனச்சேன்."

"அதுவும் கொஞ்சம் உண்டு" என்றேன்.

அதற்குள் அவள் போன் அடித்தது. வீட்டுக்காரர். சாப்பிட்டாயா என்று கேட்டிருக்க வேண்டும், இல்லை என்றாள். எங்கே இருக்கிறாய் என்று கேட்டிருப்பார். அவள் திரும்பிச் சுற்றிலும் பார்த்தாள். அதுவரைக்கும் அவள் அந்த இடத்தைப் பார்க்கவே இல்லை என்று நினைக்கிறேன்.

"தெரியலைங்க" என்றாள். "ஒரு மலைச்சரிவு. கீழ ஆறு போகுது. தண்ணி கொஞ்சமாத்தான் இருக்கு, பாறை எல்லாம் வெளிய தெரியுது. அந்தப் பக்கம் ஒரு பாலம்... ஊர் பேரா? தெரியலையே! இல்லைங்க, பயமெல்லாம் ஒண்ணுமில்ல. இருந்துச்சு. போனைப் பொண்ணுகிட்ட குடுங்க."

மகளிடமும் அதே ஆறு, அதே பாலம். கூடவே அவள் பேச்சில் ஆடுகளும் வந்தன, ஒரு குட்டி நொண்டியது. நான் பக்கத்துப் பாறைமேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எத்தனையோ தரம் அந்த வழியாகப் போயிருக்கிறேன். அங்கே ஒரு பாலம் இருப்பதே எனக்குத் தெரியாது.

போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"நாற்காலியையும் விடுங்க, முதுகையும் விடுங்க. இப்ப நான் என்ன தப்புப் பண்ணேன், அதை மட்டும் சொல்லுங்க."

அதற்கு என்னால் பதில் சொல்ல முடிந்தது. "சரிவு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கியரைக் குறைச்சிடணும். எந்தக் கியர்ல ஏறினீங்களோ அதுலயே இறங்கணும். பாதி வழியில கியரைத் தேடக் கூடாது. பிரேக்கை விட்டு விட்டுத்தான் புடிக்கணும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

பிரேக் சூடு தணிகிற வரைக்கும் காத்திருந்தோம். அப்புறம் கையை நீட்டினாள். சாவியைக் கொடுத்தேன்.

"உங்க முதுகுக்காக ஓட்டல. சொல்லிட்டேன்."

நான் கல்லை எடுத்துப் போட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு மறுபக்கம் ஏறி உட்கார்ந்தேன். சரிவு முழுக்க ஒரே கியரில், எறும்பு ஊர்கிற மாதிரி இறக்கினாள். பின்னால் ஹாரன் கிழிந்தது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தேறிவிட்டாள் என்று அப்போதே மனதுக்குள் முடிவு பண்ணிவிட்டேன். முதுகைக் கேட்காமல்தான் பண்ணினேன் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

சரக்கு இறக்க வேண்டிய கிடங்கின் வாசலில் காவலாளி வண்டியை மறித்தார். இரண்டு பேரும் கீழே இறங்கி நின்றோம். அவர் என் நரைத்த தலையைப் பார்த்து என்னிடம்தான் கேட்டார்.

"டிரைவர் யாரு?"

என் வாய் தானாகத் திறந்தது. மீசை முளைத்த நாளிலிருந்து அந்தக் கேள்விக்கு வேறு யாரும் எனக்கு முன்னால் பதில் சொன்னதில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

"நான்தான்" என்றாள் அக்கா.

காவலாளி அவளை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் கேட்டைத் திறந்துவிட்டார். அவள் ஏறிப் போனாள். நான் ஆசைப்பட்ட நாற்காலிதான், நல்லபடியாகவே கிடைத்துவிட்டது. ஆனாலும் வண்டி என்னைக் கீழே விட்டுவிட்டு உள்ளே போவதைப் பார்த்தபோது அழுகை வந்துவிட்டது. துண்டால் வியர்வையைத் துடைப்பதுபோலக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"அப்ப நீங்க யாருங்க?" என்றார் காவலாளி.

"நான் சும்மா கூட வந்தேங்க" என்றேன்.