கிளினிக்குக்கு 92 மார்க், டாக்டருக்கு?

இன்று காலை ஒரு ஆபரேஷனை கேன்சல் செய்தேன்.

என்னுடையதைத்தான்!

தெரியாதவர்களுக்கு: நான் 1991 மாடல். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் சப்ளையர் ஆடிட் வேலை. எங்களுக்கு உதிரிபாகம் தருகிற கம்பெனிகளுக்குப் போய், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குறை தேடி மார்க் போடுவேன். (வீட்டிலும் அதே வேலைதான் என்பார் என் கணவர்.)

இரட்டைப் பிள்ளைகள் பிறந்து நான்கு வருடமாகிறது. அப்போது பிரிந்த வயிற்றுத் தசை இன்னும் சேரவில்லை. நடுவில் நான்கு விரல் நுழையும். படுக்கையிலிருந்து எழுந்தால் வயிறு கூடாரம் மாதிரி புடைத்து நிற்கும். முதுகுவலியில் ஒரு ஷிஃப்ட் முழுக்க நிற்க முடிவதில்லை.

கம்பெனி பஸ்ஸில் தினமும் யாராவது எழுந்து இடம் தருவார்கள்.

"உக்காருக்கா. எத்தினி மாசம்?"

(நாற்பத்தெட்டு மாசம், தம்பி!)

ஒரு வருடம் உடற்பயிற்சி செய்து பார்த்தேன். கடைசியில் பிசியோதெரபிஸ்டே கைவிரித்துவிட்டார். தசையைத் தைத்துச் சேர்த்து, தொங்கும் தோலையும் எடுக்க வேண்டும். இதற்குப் பெயர் டம்மி டக்.

இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புவரை கத்தி போகும். எனக்குப் பயம் என்றால் அப்படி ஒரு பயம். ஏதாவது ஆனால் இரண்டு பிள்ளைகளை யார் பார்ப்பது?

எனவே நல்ல டாக்டராகத் தேடி, நெடுஞ்சாலை ஓரம் ஒரு அழகுக் கிளினிக்குக்குப் போனேன். பெயர் வேண்டாம்.

உள்ளே நுழைந்தால், ஃபேக்டரியில் நடக்கும் வழிக்குப் போடுவது போலவே தரையில் மஞ்சள் கோடு! தீயணைப்பு சிலிண்டரில் தேதி சரியாக இருந்தது. செருப்பு ஸ்டாண்டில்கூட லேபிள்! சுவரில் ஐஎஸ்ஓ தரச் சான்றிதழ்!

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் சப்ளையர்களில் பல பேரிடம் இதெல்லாம் கெஞ்சினாலும் நடக்காது.

ரிசப்ஷன் பெண் டேப்லெட்டில் வயிறு வயிறாகப் படம் காட்டினாள்.

"சார் சூப்பரா பண்ணுவாரு மேடம். ரெண்டே நாள், டூட்டிக்கே போயிடலாம்."

மனதுக்குள் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு போட்டேன். தேதியும் குறித்துக்கொண்டு வந்துவிட்டேன்!

மறுநாள் கேன்டீனில் கோகிலாவிடம் பெருமையடித்தேன். கோகிலா எங்கள் அசெம்பிளி லைனில் ஆபரேட்டர். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாள்.

"அதெல்லாம் சரிக்கா. டாக்டரோட ஸ்கில் மேட்ரிக்ஸ் பாத்தியா?"

ஸ்கில் மேட்ரிக்ஸ் என்பது எங்கள் ஒவ்வொரு லைனிலும் தொங்கும் போர்டு. யாருக்கு எந்த வேலை எவ்வளவு தெரியும் என்று வட்டம் போட்டிருக்கும். கற்றுக்கொள்கிறவருக்குக் கால் வட்டம் நிரப்புவார்கள். அடுத்தவருக்குச் சொல்லித்தரும் அளவு தெரிந்தால்தான் முழு வட்டம். கால் வட்டம் ஆளைத் தனியாக நிறுத்தியிருந்தால் நான் லைனையே நிறுத்தச் சொல்வேன்.

"ஒரு நட்டு முடுக்கறதுக்கே என்னை மூணு மாசம் தனியா வுடல உங்காளுங்க. வயித்தைக் கிழிக்கப்போறவரு இன்னா படிச்சிக்கிறாருன்னு கேக்காம தேதி வாங்கினு வந்துகீறியேக்கா!"

கட்டடத்தை ஆடிட் செய்திருக்கிறேன். ஆளை விட்டுவிட்டேன்!

அன்று சாயங்காலமே கிளினிக்குக்குத் திரும்பிப் போனேன். டாக்டர் இருந்தார். மரியாதையான மனிதர். அவர் தலைக்குப் பின்னால் இருந்த சான்றிதழ்களை இந்த முறை நிதானமாகப் படித்தேன். எம்பிபிஎஸ் அசல். மற்றவை எல்லாம் இரண்டு நாள் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்ததற்கு. (அதே மாதிரி என்னிடமும் ஒன்று இருக்கிறது, ஜப்பானிய நிர்வாக முறைக்கு. மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது.)

"சார், நீங்க பிளாஸ்டிக் சர்ஜரி படிச்சிருக்கீங்களா?"

"நான் தலைமுடி நடறதுல ஸ்பெஷலிஸ்ட் மேடம். உங்களுக்கு வெளியில இருந்து சர்ஜன் வருவாங்க."

"யாரு சார்?"

"அன்னைக்கு யாரு ஃப்ரீயோ, அவங்க."

சர்ஜனும் கான்ட்ராக்ட் லேபரா!

"மயக்க மருந்து குடுக்கறது யாரு சார்? ஏதாவது ஆச்சுன்னா ஐசியூ எங்க இருக்கு?"

"இதுவரைக்கும் ஒண்ணும் ஆனதில்ல மேடம். ஜீரோ கம்ப்ளைன்ட்!"

எங்கள் தொழிலில் 'ஜீரோ ரிஜெக்‌ஷன்' என்று மார்தட்டும் சப்ளையரைக் கண்டால்தான் பயப்படுவோம். ஒன்று, அவர்கள் எண்ணுவதே இல்லை. இல்லையென்றால் மறைக்கிறார்கள்.

அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டு, சென்னையில் ஒரு மருத்துவமனைக்குப் போனேன். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்சிஎச் முடித்த ஒரு டாக்டரம்மா. மெடிக்கல் கவுன்சில் பதிவு எண் கேட்டேன். கோபப்படாமல் எழுதிக் கொடுத்தார். அங்கேயே போனில் தேடிப் பார்த்தேன், சரியாக இருந்தது. (தரையில் மஞ்சள் கோடு இல்லை. நான் உட்கார்ந்த நாற்காலி ஆடியது.)

படுக்கச் சொல்லி, தலையைத் தூக்கச் சொல்லி, இடைவெளியை விரலால் அளந்தார். ஸ்கேன் எழுதினார்.

"இன்னொரு குழந்தை பெத்துக்கற ஐடியா இருக்காம்மா? இருந்தா இப்ப ஆபரேஷன் வேணாம்."

இல்லவே இல்லை என்றேன். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"நீங்க பண்ணதுல ஏதாவது தப்பாப் போயிருக்கா டாக்டர்?"

"போயிருக்கும்மா. ரெண்டு பேருக்குத் தோலுக்கு அடியில நீர் கோத்துக்கிச்சு. ஒருத்தருக்குத் தையல் விட்டு, மறுபடியும் தியேட்டருக்குக் கொண்டுபோனேன். உங்களுக்கும் வரலாம், வந்தா பாக்க இங்க ஆள் இருக்கு. ஆனா ஆறு வாரத்துக்குப் பிள்ளைங்களைத் தூக்கக் கூடாது, முடியுமா?"

பயமுறுத்தும் பதில்தான். ஆனால் அதைக் கேட்ட பிறகுதான் எனக்குப் பயம் விட்டது. ஆபரேஷனை அங்கேயே செய்துகொள்வது என்று முடிவு செய்தேன்.

அதனால்தான் இன்று காலை அழகுக் கிளினிக்குக்கு போன் போட்டு, வேண்டாம் என்றேன். அதே ரிசப்ஷன் பெண்தான் எடுத்தாள்.

"ஏன் மேடம் கேன்சல் பண்றீங்க? நம்மகிட்ட எல்லாமே பெஸ்ட் மேடம்!"

சென்னையில் முறையாகப் படித்த டாக்டரிடம் செய்துகொள்ளப் போகிறேன் என்று உண்மையைச் சொன்னேன்.

அந்தப் பக்கம் கதவைச் சாத்துவது கேட்டது. பிறகு அடங்கிய குரலில் கேட்டாள்.

"அக்கா... அந்த டாக்டரம்மா பேரை வாட்ஸ்அப்ல அனுப்பறியா? ரெண்டாவது பொறந்ததுல இருந்து எனக்கும் வயிறு இப்டிதான்க்கா கீது."