பலகையைப் படித்தவள் அவுட்டு

சீமெண்ணெய் வாடை அடிக்கும் நாவல்பழத்தை நீங்கள் தின்றிருக்க மாட்டீர்கள். நாங்கள் தின்றிருக்கிறோம், பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்து, கேனைக் கவிழ்த்துக் கவிழ்த்து, நாக்கும் உதடும் கருநீலமாகித் தொண்டை கரகரத்துப் போகும்வரை, உலகத்தில் இதைவிட ருசியான பண்டம் கிடையாது என்பதுபோலத் தின்றிருக்கிறோம். இப்போது அதே பழம் கழுவித் துடைத்து, பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து வீட்டு வாசலுக்கே வருகிறது. வாயில் போட்டால் என்னமோ குறைகிறது. சீமெண்ணெய்தான் குறைகிறது என்றால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

தொண்ணூறுகளில், தொம்மலூரில் ஒரே தெருவில் நாங்கள் மூன்று பேர்: நான், கஸ்தூரி, நூர்ஜஹான். பியூசி முடித்துவிட்டு டைப்பிங் கற்றுக்கொள்கிறோம் என்ற பெயரில் தெருவை அளந்துகொண்டிருந்த காலம். எங்களில் தலைவி நூர்ஜஹான்தான். வீட்டில் தக்கினி உருது, தெருவில் தமிழ், கடையில் கன்னடம் என்று மூன்றையும் ஒரே மூச்சில் பேசி எங்கும் காரியம் சாதிப்பவள். வீட்டில் அனுமதி கேட்கும் வழக்கத்தையே எங்களிடமிருந்து ஒழித்தவளும் அவள்தான். "கேட்டா போவ முடியாதுடி. போயிட்டு வந்து திட்டு வாங்கிக்கலாம்" என்பாள். அதுதான் எங்கள் சட்டம். திட்டு என்ன, அம்மாக்கள் எப்படியும் திட்டத்தான் போகிறார்கள்.

எங்கள் ஆட்டம் இதுதான். சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், பஸ்களுக்கு முதுகைக் காட்டி நிற்போம். எந்தக் கண்டக்டர் முதலில் விசில் ஊதுகிறாரோ, அந்த பஸ்ஸில் ஓடிப்போய் ஏறிவிட வேண்டும். எந்த ஊர் என்று பலகையைப் பார்க்கக் கூடாது. படித்தவள் அவுட்டு, அவள்தான் அன்றைக்கு எல்லோருக்கும் மசால்பூரி வாங்கித் தர வேண்டும். கண்டக்டர் வந்து "எல்லிகெ?" என்று போகும் ஊரைக் கேட்டால், நூர்ஜஹான் மகாராணி மாதிரி "கொனே ஸ்டாப்" என்பாள். அந்தக் கடைசி ஸ்டாப் எந்த ஊர் என்று அவளுக்கும் தெரியாது. கண்டக்டர் மூன்று பேரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு டிக்கெட்டைக் கிழிப்பார். இப்படிப் போய் ஒருநாள் செங்கல் சூளையில் இறங்கியிருக்கிறோம். இன்னொரு நாள் முன்பின் தெரியாத ஒரு கல்யாண வீட்டில் கைகூட நனைத்திருக்கிறோம்.

நாவல்பழக் கதைக்கு வருகிறேன். அன்று ரேஷன் கடையில் சீமெண்ணெய் வாங்க கஸ்தூரியை அனுப்பியிருந்தார்கள். லாரி வரவில்லை, சாயங்காலம் வாருங்கள் என்று கடைக்காரர் வரிசையைக் கலைத்துவிட்டார். வீட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டியதுதான். நூர்ஜஹான் என்னைப் பார்த்தாள், நான் கஸ்தூரியைப் பார்த்தேன். காலிக் கேனோடு சிவாஜிநகர் போய்விட்டோம். ஏறிய பஸ் ஹொஸ்கோட்டே தாண்டி ஏதோ ஓர் ஏரிக்கரையில் கொண்டுபோய் நிறுத்தியது. ஒரு டீக்கடை, ஒரு பெரிய நாவல் மரம், வேறொன்றும் இல்லை. டிரைவரும் கண்டக்டரும் மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார்கள். நூர்ஜஹான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மரத்தில் ஏறிக் கிளையை உலுக்க, பழம் அத்தனையும் தூங்குகிறவர்கள் மேல் உதிர்ந்தது. திட்டப் போகிறார்கள் என்று நினைத்தோம். டிரைவர் எழுந்து தன் பங்கைக் கேட்டார். மிச்சத்தைப் போட்டுக்கொள்ள எங்களிடம் அந்தக் கேன்தான் இருந்தது.

வீட்டில் பொய் சொல்லியும் பயனில்லாமல் போயிற்று, நாக்கை நீட்டச் சொன்னார்கள். "சீமெண்ணெ வாங்கியாடின்னா ஊரு மேயப் போயிருக்குதுங்க" என்று என் அம்மா தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். கஸ்தூரி வீட்டில் அன்று ராத்திரி அடுப்பு எரியவில்லை. எங்கள் வீட்டிலிருந்து அம்மாவேதான் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தாள், போகும்போதும் வரும்போதும் என்னைத் திட்டிக்கொண்டே.

கஸ்தூரியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் வாயே திறக்கமாட்டாள். தெருவிலும் அப்படித்தான். ஆனால் பஸ் ஊரைத் தாண்டிக் காற்று முகத்தில் அடிக்க ஆரம்பித்தால் போதும், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, எங்களைப் பார்க்காமல், மெதுவாகப் பேச ஆரம்பிப்பாள். அப்பா குடித்துவிட்டு வருவது, மேலே படிக்க ஆசைப்பட்டது, அண்ணன் அதைக் கேட்டுச் சிரித்தது எல்லாம் நாங்கள் தெரிந்துகொண்டது ஏதாவதொரு கடைசி சீட்டில்தான். கடைசி ஸ்டாப் வந்தால் பேச்சு நின்றுவிடும்.

பிறகு எனக்கு ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்தது. அங்கே எடுத்ததற்கெல்லாம் "பிளான்" என்பார்கள். அந்தச் சொல் எனக்கும் தொற்றிக்கொண்டது. அந்தச் சமயத்தில்தான் கஸ்தூரிக்கு தர்மபுரியில் மாப்பிள்ளை பார்த்துக் கல்யாணம் நிச்சயம் செய்தார்கள். அவள் போவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை மூன்று பேரும் போய்வர வேண்டும் என்று முடிவாயிற்று. எப்போதும்போல் பைத்தியக்காரத்தனமாக வேண்டாம், இதையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று சொன்னவள் நான். நந்தி மலை, ஞாயிற்றுக்கிழமை என்று நானே குறித்தேன். எங்கள் வாழ்க்கையில் முதல் முறையாக, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, கஸ்தூரியின் அம்மாவிடம் போய் அனுமதியும் கேட்டேன். நூர்ஜஹான் தலையில் அடித்துக்கொண்டாள்.

அவர்கள் மறுக்கவில்லை. மறுத்திருந்தால்கூடப் பரவாயில்லை. சந்தோஷப்பட்டார்கள். "கல்யாணப் பொண்ணத் தனியா அனுப்ப முடியுமாம்மா? நாங்களும் வர்றோம்" என்றார்கள். வேன் பிடித்தார்கள். அத்தை, சித்தி, அண்ணன், போதாததற்கு மாப்பிள்ளையின் அக்காவும் தர்மபுரியிலிருந்து வந்துவிட்டாள். கஸ்தூரிக்குப் பட்டுப்புடவை கட்டி, அந்த அக்கா பக்கத்தில் முன் சீட்டில் உட்காரவைத்தார்கள். நானும் நூர்ஜஹானும் பின்னால், புளிச்சோற்று அண்டாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். போகும் வழியெல்லாம் கஸ்தூரியின் பின்னந்தலைதான் எனக்குத் தெரிந்தது. ஜன்னல் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

மலைமேல் சாப்பிட்ட பிறகு குழாயடியில் நான் கை கழுவிக்கொண்டிருந்தபோது அவள் தனியாக வந்தாள். "ஒரு விஷயம் சொல்லணும்டி" என்றாள். நான் நிமிர்வதற்குள் அவள் அத்தை, போட்டோ எடுக்க வேண்டும் வா என்று கூப்பிட்டுவிட்டார்கள். கஸ்தூரி ஈரக் கையால் என் கையைப் பிடித்தாள். "சும்மா சிவாஜிநகரே போயிருக்கலாம்டி" என்று சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வரும்போது வேனில் அந்தாக்ஷரி பாடினார்கள். எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும்போல் இருந்தது.

அடுத்த மாதமே தர்மபுரி போய்விட்டாள். அவள் கணவர் நல்ல மனிதர், பிள்ளைகளும் நன்றாகப் படித்திருக்கிறார்கள், எனக்குத் தெரிந்து குறையொன்றும் இல்லை. அன்று அவள் சொல்ல வந்தது சின்ன விஷயமாகக்கூட இருக்கலாம். ஆனால் என்னவென்று தெரியாமலே எனக்குத் தலை நரைத்துவிட்டது. மூன்று பேரும் சேர்ந்து ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறோம். சந்திக்கத் தேதி குறிக்கிறோம், மாற்றுகிறோம், மறுபடியும் குறிக்கிறோம். நூர்ஜஹான் கைகூப்பும் படம் போடுகிறாள்.

போன வாரம் ஒரு வேலையாக சிவாஜிநகர் போனேன். பஸ் ஸ்டாண்டில் இப்போது பலகைக்குப் பதில் விளக்கு எழுத்து ஓடுகிறது. போதாததற்கு, அடுத்த ஸ்டாப் எதுவென்று பஸ்ஸே வாய்விட்டுச் சொல்கிறது. திடீரென்று ஓர் ஆசை வந்து முதுகைக் காட்டி நின்றேன். ஒரு பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது, ஓடினேன். படியில் கால் வைக்கும்போது கண் தானாக மேலே போய்விட்டது. படித்துவிட்டேன். காலை எடுத்துக்கொண்டேன்.

அங்கே நின்றபடியே கஸ்தூரிக்கு போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். "படிச்சிட்டியா? அப்ப நீ அவுட்டுடி" என்று அந்தக் காலத்துச் சிரிப்புச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. நந்தி மலையில் குழாயடியில் என்ன சொல்ல வந்தாய் என்று இத்தனை வருஷம் கழித்துக் கேட்டேன்.

மறந்துபோயிற்று என்று சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

"அது பஸ்ல சொல்றதுடி" என்றாள். "போன்ல வராது."