தண்ணீர் மேல் விழுந்த பழி

அலுவலகத்தில் அவளுக்குக் கத்தரியக்கா என்று பெயர். எதைக் கொடுத்தாலும் பாதியாக வெட்டிவிட்டுத்தான் வீடியோ கேமுக்குள் விடுவாள். மரத்தில் ஆயிரம் இலை இருந்தால் நூறு போதும் என்பாள். படம் வரைகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். அவள் அதைக் கண்டுகொள்வதில்லை.

பஸ் டிரைவர் ஒருவரின் மூன்றாவது பெண். மாலை வகுப்பில் கம்ப்யூட்டர் படித்து, முதலில் ஒரு சரக்குக் கம்பெனியில் சேர்ந்தாள். லாரிக்குள் பெட்டிகளை எப்படி அடுக்கினால் அதிகம் கொள்ளும் என்று சொல்லும் புரோகிராம் எழுதினாள். அங்கிருந்து வீடியோ கேம் கம்பெனிக்கு மாறியபோது அப்பா கேட்டார்: "லாரிக்கும் கேமுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"ரெண்டுலயும் இடம் பத்தாதுப்பா."

பத்தாதுதான். கேமுக்குள் தெரியும் உலகத்தை நொடிக்கு முப்பது தடவை புதிதாக வரைந்து திரைக்கு அனுப்புவது கிராஃபிக்ஸ் இன்ஜின். வீட்டுக் கம்ப்யூட்டர் மெதுவாக இருந்தால் புது கிராஃபிக்ஸ் அட்டை ஒன்று வாங்கிச் சொருகிக்கொள்ளலாம். டிவியில் மாட்டி ஆடும் கேம் பெட்டியான கன்சோலில் அது நடக்காது. வாங்கிய அன்று உள்ளே என்ன இருந்ததோ, கடைசிவரை அதை வைத்துத்தான் குடித்தனம்.

இந்த முறை கேம், வெள்ளத்தில் மூழ்கிய ஓர் ஊர். ஆடுகிறவர் படகில் போய், கூரைகளில் மாட்டிக்கொண்டவர்களை இறக்கிக் கரை சேர்க்க வேண்டும். தண்ணீர் கத்தரியக்காவின் பொறுப்பு. இரண்டு வருஷமாக அதைச் சுழிக்கவும் அலையடிக்கவும் பழக்கியிருந்தாள். மூழ்கிய ஊரைக் கட்டியவள் அவளுடைய நாத்தனார். வீட்டில் ஒரே சமையலறை, அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேஜை. சண்டைக்கு இடம் தேடி அலைய வேண்டியதில்லை.

புதிய கன்சோலில் கேம் வழுக்கிக்கொண்டு ஓடியது. பழையதிலோ படகு கடைத்தெருவுக்குள் நுழைந்ததும் திக்கியது. முப்பது படம் வரவேண்டிய நொடியில் பதினொன்றுதான் வந்தது.

முதலாளி கூப்பிட்டார். "ஏம்மா கத்தரி, எல்லாரும் தண்ணிதான் காரணம்ங்கறாங்க. அலையெல்லாம் வேணாம், பழுப்புத் துணி மாதிரி விரிச்சு விட்டுடு. முடியாதுன்னா சொல்லு, பழைய கன்சோலையே கைவிட்டுடலாம். வெள்ளிக்கிழமை முடிவு பண்ணிடுவேன்."

"பாதி வீட்டுல இன்னும் பழசுதான் சார் இருக்கு."

"அதுக்காக நொண்டுற கேமை வித்துட்டு ஊர்கிட்ட திட்டு வாங்கணுமா?"

வெளியே வந்தால் நாத்தனார் காத்திருந்தாள். "வீட்டுலதான் குழாயத் திறந்து விட்டுட்டு மறந்துடுவீங்க. இங்கயுமா அண்ணி?"

"உன் ஊரைப் பத்தி நான் இன்னும் வாயே திறக்கல."

"என் ஊர்ல கை வச்சீங்க, அண்ணன்கிட்ட சொல்லிடுவேன்."

"சொல்லு. அவரு டிவி ரிமோட்டைக் கண்டுபிடிச்ச அப்புறம் வந்து கேக்கட்டும்."

காய்ச்சல்காரரைச் சுற்றி நின்றுகொண்டு ஆளுக்கொரு மருந்து சொன்னால் காய்ச்சல் இறங்காது. நோய் எங்கே என்று முதலில் பார்க்க வேண்டும். அவள் படகைக் கடைத்தெருவில் நிறுத்தி, ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தாள். மழையை அணைத்தாள். திரை மூலையில் பதினொன்று என்ற எண் அசையவில்லை. மேகத்தை அணைத்தாள். அதற்கும் அசையவில்லை. கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு தன் தண்ணீரையே அணைத்தாள். பதினொன்று பதின்மூன்று ஆனது. அவ்வளவுதான்!

'குற்றவாளி நீ இல்லை' என்று தண்ணீரிடம் சொல்லிக்கொண்டவள், திரையை நிமிர்ந்து பார்த்தாள். தண்ணீர் போன இடத்தில் தெரு அடிமட்டம்வரை தெரிந்தது. ஒவ்வொரு வீட்டிலும் கட்டில், அலமாரி, அலமாரிக்குள் மடித்த துணி. முடிதிருத்தும் கடையில் கொத்துக் கொத்தாகச் சீப்பு. ஒவ்வொரு சீப்பிலும் தனித்தனியாகப் பல்.

"இங்க வா. என்ன இது?"

"ஊரு," என்றாள் நாத்தனார்.

"சேத்துக்கு அடியில கிடக்கிற சீப்புக்குப் பல்லு எதுக்கு?"

"முதல்ல கட்டினாத்தானே அண்ணி மூழ்கடிக்க முடியும்? மனுஷங்க வாழ்ந்த இடம் மாதிரி இருக்க வேணாமா?"

இன்ஜினுக்குத் தண்ணீர் ஒரு கண்ணாடி. அடியில் இருப்பது கண்ணுக்குத் தெரியும் என்று நம்பி, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் வரைந்துவிட்டு, அதன்மேல் சேற்றைப் பூசி மறைத்துக்கொண்டிருந்தது. அந்தப் பழைய பெட்டி மூச்சு வாங்காமல் என்ன செய்யும்?

"இந்தத் தண்ணியில முழங்கை முங்கினா விரல் தெரியாது. அந்த ஆழத்துக்குக் கீழ வரையாதேன்னு இன்ஜின்கிட்ட சொல்லிட்டா தீர்ந்தது."

"அப்ப என் வேலை?" நாத்தனார் திரையில் தெரிந்த சீப்புகளையே பார்த்தாள். "யாருமே பாக்க மாட்டாங்களா?"

கத்தரியக்கா தோளைத் தட்டிக்கொடுக்கிற ஆள் இல்லை. ஒரு நாற்காலியைக் காலால் இழுத்துப் போட்டாள். "உக்காரு. வெள்ளம் வடிஞ்சு ஜனங்க வீடு திரும்புற மாதிரி கடைசி அத்தியாயம் ஒண்ணு இருந்துச்சே, ஏன் தூக்கினாங்க?"

"பழைய கன்சோல் தாங்காதுன்னு."

"படகுல போறவனுக்குத்தான் தெரு மொத்தமும் வேணும். நடந்து போறவன் ஒரு நேரத்துல ஒரு வீட்டுக்குள்ளதானே இருப்பான்? அந்த வீட்டை மட்டும் வரைவோம். ஏன் தாங்காது?"

நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். "கதவெல்லாம் வெள்ளத்துல போயிடுச்சு அண்ணி. புதுசா மாட்டணும்."

மாட்டினாள். அந்த வாரம் இருவருக்கும் சண்டை போட நேரமில்லை. கணவர் சமைத்தார். அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை முதலாளி பழைய கன்சோலைத் தன் கையாலேயே மாட்டி, தானே ஆட உட்கார்ந்தார். படகு கடைத்தெருவுக்குள் திரும்பியது. திரையின் மூலையில் முப்பது. வேண்டுமென்றே சுவர்களில் மோதினார். முப்பது. அலை எழுந்து கூரைகளை நனைத்தது. அப்போதும் முப்பது.

"தண்ணியக் குறைச்சியா?"

"ஒரு சொட்டு குறைக்கல சார்."

பிறகு கடைசி அத்தியாயத்தைப் போட்டுக் காட்டினார்கள். வெள்ளம் வடிந்திருந்தது. அவர் தெருவில் நடந்து ஒரு கதவைத் தள்ளினார். சேறு படிந்த கட்டிலையும் அலமாரியையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு.

"ரெண்டு கன்சோல்லயும் விடறோம்," என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இந்த அத்தியாயமும் சேர்த்து."

கைதட்டலில் அறை அதிர்ந்தது. நாத்தனார் அண்ணியைக் கட்டிப்பிடித்த வேகத்தில் ஒரு நாற்காலி கவிழ்ந்தது. கத்தரியக்கா அவளை விலக்கிவிட்டு, முதலாளி பிடித்திருந்த கன்ட்ரோலருக்குக் கை நீட்டினாள்.

"குடுங்க சார். இத்தனை நாளா நம்பரைத்தான் பாத்தேன். ஒரு தடவை ஆடிப் பாக்கறேன்."

வெள்ளக் கட்டத்துக்குத் திரும்பி, எடுத்த எடுப்பில் படகை ஒரு மருந்துக்கடைக் கூரையில் கொண்டுபோய்ச் சொருகினாள். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "சிரிங்க, சிரிங்க," என்றபடி படகைப் பின்னுக்கு எடுத்து, நடுத்தண்ணீரில் முழு வேகத்தில் விட்டாள்.