வாந்திக்கு மணிக்கட்டில் கரண்டு

மாத்திரையும் கொடுக்காமல் ஊசியும் போடாமல் வைத்தியம் பார்க்கிறவனை தமிழ்நாடு–கேரள எல்லையில் இருக்கிற எங்கள் பாறசாலைப் பக்கம் யாரும் லேசில் நம்பிவிட மாட்டார்கள். ஒயரையும் ரப்பர் பட்டையையும் வைத்துப் பிழைக்கிற என்னைப்போன்ற பிசியோதெரபிக்காரர்களே, இந்தப் பாடு உங்களுக்குத் தெரியும். மற்றவர்கள் கொஞ்சம் பரிதாபப்பட்டுக்கொண்டே படியுங்கள்.

வாய் இருக்க, கை எதற்கு?

தொண்ணூறுகளின் நடுவில், நெய்யாற்றின்கரை குழந்தை டாக்டர் ஒருவர் ஜெசி என்கிற எட்டு வயசுப் பிள்ளையை என்னிடம் அனுப்பினார். கடற்கரைக் குடும்பம். அப்பா மரியதாசன் கடலுக்குப் போகிறவர். மாசம் ஒருமுறை பிள்ளைக்கு வாந்தி தொடங்கினால் ரெண்டு மூணு நாள் நிற்காது, ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றிக்கொண்டு வாடிக் கிடப்பாள். எல்லாச் சோதனையும் பார்த்தாயிற்று, வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை. மணிக்கட்டின் உள்பக்கத்து நரம்பை லேசான கரண்டால் தூண்டினால் சிலருக்குக் குமட்டல் அடங்குகிறதாம், செய்து பாரும் என்றார் டாக்டர். கட்டாயம் கேட்கும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

தீப்பெட்டிக்கு அண்ணன் மாதிரி இருந்த பேட்டரி மெஷினை எடுத்துப் பிள்ளையின் கையைப் பிடித்தேன். அம்மா ஸ்டெல்லா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சாறே, பிள்ள வாயாலயாக்கும் சர்த்திக்குது, கையால இல்ல!"

ஒளித்துவைத்த சந்தோஷம்

இந்த நோய்க்கு ஒரு பொல்லாத குணம் உண்டு. சந்தோஷம் கூடினாலும் வந்துவிடும். கிறிஸ்துமஸ், ஊர்த் திருநாள் ஒன்றையும் ஜெசி முழுசாகக் கண்டதில்லை. அதனால் வீட்டில் எல்லாரும் சிரிப்பை அடக்கப் பழகிவிட்டார்கள். வலை நிறைய மீன் பட்ட நாளிலும் மரியதாசன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைவாராம்.

அடுத்த மாசம் அவளுக்குப் புதுநன்மை. கோயிலில் முதல்முதலாக அப்பம் வாங்குகிற நாள். வெள்ளை உடுப்பைத் தைத்து, அவள் கண்ணில் படாமல் பக்கத்து வீட்டில் வைத்திருந்தார்கள். வாயில் வாங்கிய நன்மையைப் பீடத்தின் முன்னாலேயே சர்த்தித்துவிட்டால் என்ன செய்ய என்பதுதான் எல்லாருடைய பயமும். ஜெசி மட்டும் அதை வாய்விட்டுச் சொன்னாள். "எனக்கு சந்தோஷம் வேண்டாம் சாறே, அண்ணைக்கு சர்த்தி வராம இருந்தா போரும்."

எண்ணெய்க் கை

முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பட்டை வழுக்கிக்கொண்டே போனது, பிளாஸ்டர் ஒட்டவே இல்லை. பேட்டரியை மாற்றினேன், ஒயரை மாற்றினேன், விற்றவனை நன்றாகத் திட்டினேன். பிறகுதான் பிள்ளையின் கையை மோந்து பார்த்தேன். புறப்படும் முன்னே முழங்கை வரை தேங்காயெண்ணெய்! எண்ணெய் இருந்தால் கரண்டு எங்கே உள்ளே போகும்? எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஸ்டெல்லா கொஞ்சமும் அசரவில்லை. "கரண்டு பிள்ளைக்கு சுட்டுப்போடும்லா, அதாக்கும் நான் நல்லா தேச்சு விட்டது!"

சோப்புப் போட்டுக் கழுவிய கையில்தான் மெஷின் வேலை செய்தது. அடுத்து வந்த வாந்தி, டிரிப் இல்லாமல் அரைநாளில் அடங்கியது.

கரண்டும் உபவாசமும்

நன்மை வாங்கும் நாளில் உடுப்பின் நீளக் கைக்குள் மெஷினைக் கட்டிவிடுவதாக ஏற்பாடு. அதற்குள் ஒரு புதுச் சந்தேகம். நன்மை வாங்குமுன் ஒரு மணிநேரம் எதுவும் சாப்பிடக் கூடாதே, கரண்டு எடுத்துக்கொண்டால் உபவாசம் முறியுமா? ஸ்டெல்லா நேரே பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டுவிட்டாள். அவர் மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "விழுங்காத ஒண்ணும் உபவாசத்த முறிக்காது, கொண்டுபோயி கட்டு!"

மறுநாள் காலை

பூசைக்கு நானும் போய்க் கடைசி வரிசையில் நின்றேன். ஜெசி நன்மை வாங்கினாள், கண்ணை மூடினாள், திரும்பி வந்து உட்கார்ந்தாள். பூசை முடியும்வரை எனக்குத்தான் குமட்டிக்கொண்டு வந்தது. அவளுக்கு ஒன்றும் இல்லை.

மறுநாள் காலையில் மரியதாசன் ஆட்டோவிலிருந்து குதித்து ஓடி வந்தார். "பிள்ள சர்த்திச்சிட்டா சாறே!" அதே ஆட்டோவில் ஏற ஓடினேன், பார்த்தால் மனுஷன் சிரிக்கிறார்! விருந்துப் பிரியாணி, அதற்கு மேல் பொரிச்ச மீன், அதற்கும் மேல் பக்கத்து வீட்டுப் பாயசம் என்று பிள்ளை ஒரு பிடி பிடித்திருக்கிறாள். "இது நோயில்ல சாறே, தீனி கூடிப்போச்சு! மத்த பிள்ளையளப்போல ஒரு தடவ சர்த்திச்சா, வாயக் கழுவுனா, புட்டு இருக்கான்னு கேக்கா!"

ஒரு பிள்ளை வாந்தி எடுத்த சேதிக்காக, அதன் அப்பனுக்கு டீயும் பழம்பொரியும் வாங்கிக் கொடுத்துக் கொண்டாடிய வைத்தியன் இந்த எல்லைக்கு இரண்டு பக்கத்திலும் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.