இரண்டு விரல் மண்

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, ஒடென்சேயிலிருந்து யேசுதாசன் அண்ணையின் மகள் அழைத்தார். “அங்கிள், அப்பா போயிட்டார்.” அதற்குமேல் தமிழ் வராமல் டெனிஷில் சொல்லி அழுதார். மே மாதம் முடிய இன்னும் பத்து நாள் இருந்தது. அண்ணை கேட்டது யூன் வரைதான்.

இக்காஸ்ட் என்ற சிறு நகரில் ஒரு துணித் தொழிற்சாலையில் பதினெட்டு ஆண்டுகள் அவருடன் ஒரே ஷிஃப்டில் நின்றவன் நான். அவர் மன்னார் மனிதர். பேச்சுக் குறைவு, பிடிவாதம் அதிகம். இயந்திரம் நின்றால் ஒருவரையும் கூப்பிடமாட்டார். தானே அதனோடு மல்லுக்கட்டுவார். அவரைச் சிரிக்கவைக்க மனைவி ரீத்தா அக்காவால் மட்டுமே முடிந்தது.

அக்கா வாசலோரம் ஒரு பியோனிச் செடி நட்டிருந்தார். ஒவ்வொரு யூனிலும் சோற்றுக் கோப்பை அளவில் இளஞ்சிவப்பாகப் பூக்கும். ஆறு ஆண்டுகளுக்கு முன் அக்கா இறந்தார். அடுத்த யூனில் இரண்டு மூன்று பூக்கள், அதன்பின் ஒன்றுமில்லை. இலை மட்டும் தளதளவென்று வளர்ந்தது. அக்காவின் கல்லறைக்கு அந்தப் பூவைத்தான் கொண்டுபோவேன் என்று அண்ணை ஒற்றைக்காலில் நின்றார். கடைப்பூ வாங்கிப்போன எனக்கு ஏச்சும் விழுந்தது. பசளை போட்டார், நிழல் விழுகிறதென்று வேலியை வெட்டினார். செடி மசியவில்லை.

சென்ற இலையுதிர்காலத்தில், ஈரல் நோய்க்கு இனி மருந்தில்லை என்று மருத்துவர்கள் கைவிரித்த பிறகு, செடிகொடி தெரிந்த, அவர் பக்கத்து வீட்டுக் கிர்ஸ்டன் அம்மையாரை நான் கூட்டிவந்தேன். அவர் முழந்தாளிட்டு மண்ணுக்குள் விரலை விட்டார். விரல் முழுதும் போன பின்புதான் முளை தட்டுப்பட்டது.

“இதை ஆழத்தில் புதைத்துவிட்டீர்களே. மேலே இரண்டு விரல் அகலத்துக்கு மண் போதும். குளிர் படாவிட்டால் இது பூக்காது,” என்றார்.

அண்ணை என்னைப் பார்த்தார். “ஒவ்வொரு வருசமும் பனிக்கு முதல் ஒரு கூடை மண் போட்டனான். ரீத்தாவுக்குக் குளிர் ஆகாது, தம்பி. செடிக்கும் அப்பிடித்தான் எண்டு நினைச்சன்.” பிறகு மெல்ல, “நான்தான் பூக்கவிடாமல் வைச்சிருந்திருக்கிறன்,” என்றார். அவர் அழுததை நான் அன்றுதான் கண்டேன்.

உடனே மண்ணை வழித்தெடுத்தோம். வரும் யூனில் பூக்கலாம், இன்னும் ஓர் ஆண்டு சென்றாலும் செல்லலாம் என்றார் கிர்ஸ்டன்.

“எனக்கு ஒரு பூ எண்டாலும் காணும். யூன் வரைக்கும் இருந்தாச் சரி,” என்றார் அண்ணை.

“இருப்பீங்கள் அண்ணை,” என்று பொய் சொன்னேன்.

குளிர்காலத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நானும் அங்கேதான் போய்வந்தேன். அடக்கத்திற்கு முதல்நாள், ஒரு மொட்டாவது இருந்தால் பெட்டிக்குள் வைக்கலாமென்று அவர் வீட்டுக்குப் போனேன். செடியைச் சுற்றி மண் மறுபடியும் குவிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல், முதற்பனி விழுந்த காலையில், அண்ணை மூச்சுவாங்க வந்து கூடையால் கொட்டியதைக் கண்டதாகக் கிர்ஸ்டன் சொன்னார். தடுக்க மனம் வரவில்லையாம். “தெரிஞ்சுகொண்டும் இப்பிடிச் செய்வீங்களோ அண்ணை?” என்று அந்த வாசலில் நின்று சத்தமாகவே கேட்டேன். எனக்கு அவ்வளவு கோபம். இலைகள் வந்திருந்தன. மொட்டு ஒன்றுமில்லை.

நேற்று ரீத்தா அக்காவின் பக்கத்திலேயே அவரை இறக்கினோம். செபம் முடிந்ததும் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். என் முறை வந்தபோது, அள்ளியதில் பாதியைக் குழியின் கரையிலேயே விட்டுவிட்டு மிச்சத்தைப் போட்டேன்.

“கொஞ்சம்தான் போட்டனான் அண்ணை. போயிட்டு வாங்கோ.”

எனக்குப் பின்னால் இன்னும் அறுபது பேர் கையில் மண்ணோடு நின்றார்கள்.