மூடியைத் திறந்தால் ஓடிய என்ஜின்

காசிமேட்டில் பதினேழு வருஷம் போட் மெக்கானிக்காக இருந்தேன். நாற்றம் பழகிப்போகும் என்று சொல்கிறவர்களை ஒரு தடவை என்ஜின் குழிக்குள் இறக்கிவிட வேண்டும். அடியில் தேங்கிய கடல் தண்ணீர், அதன்மேல் மிதக்கும் கழிவு ஆயில், எந்த இடுக்கிலோ செத்துக் கிடக்கும் நண்டு, யாரோ துப்பிய வெற்றிலைச் சாறு. சீ! வீட்டுக்கு வந்து மூன்று தடவை சோப்புப் போட்டாலும், சோற்றில் கை வைக்கும்போது அந்த வாடை விரலில் இருக்கும். என் பெண்டாட்டி எனக்குத் தட்டைத் தூரத்திலிருந்தே நகர்த்துவாள். அப்படி இருந்தும் அந்தக் காலத்தில் எனக்கு அடுத்தவன்மேல்தான் அருவருப்பு வந்தது.

கடலுக்குப் போகக்கூடாது என்று ஒன்றரை மாதத் தடைக்காலம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அந்த வருஷத் தடையில் ஒரு பழைய சின்ன மரப் படகின் டீசல் என்ஜினைப் பிரித்துச் சேர்த்தேன். ஓட்டை உடைசல் அது. மேல்தளத்தில் எந்தக் காலத்திலோ கூரை போட்டிருந்த இரும்புக் குழாய்களின் மிச்சங்கள் அங்கங்கே துருத்திக்கொண்டு நிற்கும். ஓனர் எதையும் மாற்ற மாட்டார், ஒரு கூடை மல்லிப்பூ மட்டும் வாங்கிப் போடுவார்.

தடை முடிந்து கடலுக்குப் போவதற்கு முந்தின நாள் பூஜை. என்ஜினைச் சேர்த்த மெக்கானிக்தான் அதற்குப் பொட்டு வைத்து முதல் ஸ்டார்ட் கொடுக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். திருஷ்டிக்கு எலுமிச்சம்பழம் குத்துவதும் அவன்தான். அப்படிக் குத்தின பழத்தை யாரும் தொட மாட்டார்கள். அதுவாகக் காய்ந்து விழ வேண்டும். முன்பக்கம் ஒன்றைக் கட்டினேன். "பின்னாலயும் ஒண்ணு குத்துபா, கண்ணு ஜாஸ்தியா கீது" என்றார் ஓனர். சுற்றிப் பார்த்தேன். விரல் கனத்தில் ஒரு குழாய்த் துண்டு நேராக நின்றது. குங்குமம் தடவிய பழத்தை அதில் அழுத்திக் குத்திவிட்டு, குடுத்த வெற்றிலை பாக்கை வாங்கிக்கொண்டு போய்விட்டேன்.

பத்து நாள் கழித்து அந்தப் படகை இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். குழிக்குள் இறங்கி டீசல் பில்டரின் அடித் திருகைக் கழற்றினேன். டீசலுக்கு முன்னால் தண்ணீர் வந்தது. தொட்டு நாக்கில் வைத்தால் உப்பு.

டிரைவர் குழி விளிம்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது. இருபது வருஷமாகப் படகு ஓட்டுகிறவர். ராத்திரி குடிப்பார், காலையில் வாயைத் திறந்தால் அது வீசும். கடலில் ஒரு சொட்டுத் தொட மாட்டார் என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் அவர் குனிந்து பேச ஆரம்பித்ததும் எனக்குக் குமட்டியது. தோளில் கிடந்த துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"மெக்கானிக்கு, கொஞ்சம் காது குடுத்து கேளு. மொத நாளே அரை மணில நின்னுடுச்சி. கொஞ்ச நேரம் வுட்டா திரும்ப ஓடுது, திரும்ப நிக்குது. டேங்க் மூடிய லூஸா வுட்டு பாத்தேன், சூப்பரா ஓடிகினு கீது. ஏன்னு தெர்ல. அதான் டெய்லி லூஸாவே வுட்டுகினு போனேன். நேத்து அலை ஜாஸ்தி, தண்ணி பூந்துடுச்சி."

"யோவ், மூடிய தொறந்து வெக்க இது இன்னா இட்லி குண்டானா?" என்றேன். மேலே நின்ற நாலு பேர் சிரித்தார்கள். என் பேச்சுக்கு ஆள் சிரித்தால் எனக்கு எப்போதும் ஒரு கொழுப்பு ஏறும்.

ஓனர் ஒரே தாவாகத் தாவினார். "டீசல வித்துட்டு தண்ணிய ஊத்தி வெச்சிகிறான்பா கஸ்மாலம்! இன்னா மெக்கானிக்கு, அப்டித்தானே?"

நான் வாயைத் திறந்து சொல்லவில்லை. ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டினேன். மூக்கில் துண்டு இருந்தது, அந்த ஆள் அங்கிருந்து போனால் போதும் என்று இருந்தது. அந்த ஒரு தலையாட்டல்தான். "நான் குடிகாரன்தான். திருடன் இல்ல" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார். டீசல் திருடன் என்று பெயர் விழுந்தால் காசிமேட்டில் வேறு எந்தப் படகிலும் ஏற்ற மாட்டார்கள். சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் கம்பி தூக்கப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

டேங்கைக் கழுவி, பில்டர் மாற்றி, மூடியை முறுக்கி மூடினேன். பத்து நிமிஷம் ஓட்டிக் காட்டினேன். கடிகாரம் மாதிரி ஓடியது. பத்தே நிமிஷம்! அரை மணி என்று அந்த மனுஷன் தொண்டை கிழியச் சொல்லியிருந்தார்.

இரண்டு நாள் கழித்து என் செல்போனில் ஓனர் கத்தினார். புது டிரைவர் போன படகு காட்டுப்பள்ளிக்கு நேரே மூன்று தடவை நின்றுபோய், கப்பல் வரும் பாதையில் மிதந்து, திரும்பவும் கயிற்றில் வந்திருந்தது. படகைக் கரையில் கட்டிவைத்தே ஓட்டினேன். அரை மணிக்குள் நின்றது. பம்பைப் பார்த்தேன், நாசிலைப் பார்த்தேன், டீசல் லைனில் அடைந்த காற்றை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். திரும்பவும் நின்றது. டீசல் சுத்தமாக இருந்தது. எவ்வளவு மிச்சம் என்று பார்க்க டேங்க் மூடியைத் திருகினேன். ஸ்ஸ்ஸ் என்று நீளமாகக் காற்றை உறிஞ்சியது. மூடி என் கையை உள்ளே இழுத்தது.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டும். அதற்கென்று டேங்கிலிருந்து மேல்தளத்துக்கு ஒரு குழாய் இருக்கும். அது அடைத்துக்கொண்டால் டீசல் இறங்காது, மூடியைத் திறந்தால் இறங்கும். நேற்று வேலைக்குச் சேர்ந்தவனும் சொல்லிவிடுவான். குழாயைத் தடவிக்கொண்டே மேலே போனேன். கூரைக் குழாயின் மிச்சம் என்று நான் நினைத்த துண்டில் போய் முடிந்தது. அதன் தலையில் என் எலுமிச்சம்பழம். தோல் கறுத்துச் சுருங்கி, கீழே குங்குமம் இன்னும் ஒட்டியிருந்தது. திருகிப் பிடுங்கினேன். உள்ளே பச்சைப் பூசணமும் கொழகொழப்பும். அதன் நாற்றத்தில் வாந்தி வந்தது.

"இன்னாபா கோளாறு?" என்று ஓனர் எட்டிப் பார்த்தார். பழத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"காத்து பைப்பு அடைச்சிகினு இருந்துது. எடுத்துட்டேன்."

"யாரு அடைச்சது?"

"தெர்ல. பழைய டிரைவர் பாத்துருக்கணும்."

தூ! அப்படியே சொன்னேன். வாய் கூசாமல் சொன்னேன். அந்தச் சட்டையைப் பெண்டாட்டி துவைத்துப் போட்ட பிறகும் பையில் அந்த வாடை இருப்பதாகவே எனக்குத் தோன்றியது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் பஸ் ஏறிச் சாத்தாங்காட்டுக்குப் போனேன்.

டிரைவர் கோணியைத் தோளில் மடித்துப் போட்டுக் கம்பிக் கட்டு இறக்கிக்கொண்டிருந்தார். "இன்னா மெக்கானிக்கு, இரும்பு வாங்க வந்தியா?" என்றார். சொன்னேன். பழம் குத்தினதிலிருந்து பையில் போட்டது வரை ஒன்று விடாமல் சொன்னேன். கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அன்னிக்கு மூக்க பொத்திகினு நின்ன. காதையும் சேத்து பொத்திகினியா?"

"தப்புதான் நைனா."

"ஓனராண்ட சொல்லிட்டியா, நீதான்னு?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"என் பொண்டாட்டி அங்கதான் ஏலத்துல மீன் எடுக்குறா. டீசல் திருடன் பொண்டாட்டின்றாங்கோ. எனுக்கு வேல வாணாம்பா. அத மட்டும் போயி சொல்லு."

மறுநாள் விடிந்ததும் ஏலம் நடக்கும் இடத்துக்குப் போனேன். கூட்டத்துக்கு நடுவில் ஓனரிடம், "அந்தாளு திருடல. நான் குத்துன பழந்தான் காத்து பைப்ப அடைச்சிது" என்றேன். ஓனர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாபா, காலங்காத்தால போட்டுகினு வந்துட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவன் என் வாயருகில் மூக்கை நீட்டி முகர்ந்தே பார்த்தான். நான் எவ்வளவு கத்தியும் ஒருத்தன் காதிலும் ஏறவில்லை.

ஓடிப்போய்ப் பெட்டிக்கடையில் ஒரு எலுமிச்சம்பழம் வாங்கினேன். படகில் ஏறி, அதே குழாயில், எல்லோரும் பார்க்கக் குத்தினேன். மூடியை முறுக்கினேன். ஸ்டார்ட் செய்தேன். "அரை மணி நில்லுங்க. யாரும் போவக்கூடாது" என்று கத்தினேன். பாதிப் பேர் போய்விட்டார்கள். பழைய டிரைவரின் பெண்டாட்டி மட்டும் காலி கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வாங்க வந்த மீனையும் வாங்காமல், கடைசிவரை நின்றாள். என்ஜின் இழுத்து இழுத்து விக்கியது, நின்றது. "நீயே வந்து தொறம்மா" என்றேன். அவள் ஏறி வந்து மூடியைத் திருகினாள். ஸ்ஸ்ஸ் என்ற சத்தம் கரையில் நின்றவர்களுக்கும் கேட்டது.

ஓனர் தலையைச் சொறிந்தார். "சரிம்மா, நாளைக்கி வரச் சொல்லு அவன."

"தொரத்துனது நீ. நீ போயி கூப்புடு" என்று சொல்லிவிட்டு அவள் மீன் எடுக்கப் போனாள். ஓனர் அன்றைக்கே சாத்தாங்காட்டுக்குப் போனார்.

டிரைவர் வேலைக்குத் திரும்பி வந்த காலையில், நான் அந்தக் குழாயின் தலைக்கு ஒரு வளைவு போட்டுக்கொண்டிருந்தேன். வாய் கீழ்நோக்கி இருந்தால் எவனும் எதையும் குத்த முடியாது. ராத்திரியெல்லாம் குழிக்குள் கிடந்த உடம்பு, வேர்வையும் ஆயிலுமாக இருந்தேன். படகில் ஏறியவர் நேராக என்னிடம் வந்தார். ஏதாவது சொல்வார் என்று நிமிர்ந்தேன். தோளில் இருந்த துண்டை எடுத்தார், நிதானமாகத் தன் மூக்கைப் பொத்திக்கொண்டார், என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு டேங்க் மூடியை நன்றாக முறுக்கி மூடிவிட்டு ஓட்டப் போய் உட்கார்ந்தார். நான் குனிந்து மிச்சத் திருகை முடுக்கினேன்.